கைநாட்டும் உப்புக்காற்றும்: மாடல் ரிலீஸ் படிவங்களைப் பத்திரமாக வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் ஓர் அம்மாவைப் படம் எடுத்தேன்; அதை விற்பனைக்குப் பயன்படுத்தச் சம்மதம் சொல்லும் படிவத்தில் அவரிடம் கைநாட்டு வாங்கினேன். வருடக்கணக்காகப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்த விரல்கள். துணியைச் சுற்றிக்கொண்டுதான் கடலில் இறங்குவார்கள், அப்படியும் ரேகை தேய்ந்துபோயிருந்தது. முதல் தடவை வைத்தபோது வெறும் நீலப் பொட்டு விழுந்தது. விரலைத் துடைத்து, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி வைத்தோம். மூன்றாவது தடவைதான் நாலைந்து கோடுகள் தெளிவாக வந்தன. "இம்புட்டுச் சிரமப்பட்டு வாங்குற பேப்பரை எங்க தம்பி வைப்பே?" என்று கேட்டார். "பீரோவுல பத்திரமா இருக்கும்மா" என்றேன்.

இருக்கவில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரம் தீவில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அரிசி மூட்டையையும் கேமராவையும் தூக்கி மேலே வைத்தோம். பீரோவின் அடித்தட்டு யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் ஃபைலைத் திறந்தால், வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படிவங்களில் எழுத்தெல்லாம் கரைந்து ஓடியிருந்தது. அந்த அம்மாவின் ரேகை நீலக்கறையாக மாறியிருந்தது. பாதிப் படிவங்களை நான் ஸ்கேன்கூட எடுத்து வைக்கவில்லை. கையில் ஆதாரம் இல்லாமல் அவர்கள் முகத்தை விற்பனைக்கு விட மனம் வரவில்லை. விற்பனைத் தளங்களிலிருந்து அந்தப் படங்களை நீக்கினேன். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய் மறுபடி கையெழுத்து வாங்கினேன். அதன்பிறகு நான் கடைப்பிடிக்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் கடற்கரையில் படம் எடுக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

எதை, எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும்?

'என் முகம் உள்ள இந்தப் படத்தை விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்' என்று படத்தில் இருப்பவர் எழுத்தில் தரும் சம்மதம்தான் மாடல் ரிலீஸ். ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், கெட்டி இமேஜஸ் போன்ற, நம் படங்களை விற்றுத் தரும் ஏஜென்சிகளில், ஆள் அடையாளம் தெரியும் படத்தை வணிகப் பயன்பாட்டுக்குப் போட இது கட்டாயம். செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டும் பயன்படும் எடிட்டோரியல் பிரிவில் இது இல்லாமலும் போடலாம். முதுகுதானே தெரிகிறது என்று விட்டுவிடாதீர்கள். கையில் குத்திய பச்சை, பக்கத்தில் நிற்கும் படகின் பதிவு எண், இவற்றை வைத்து அவரே தன்னைக் கண்டுகொள்வார் என்றால் படிவம் வாங்கிவிடுவதுதான் சரி.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, புகைப்படத்தின் உரிமை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதற்கு மேலும் 60 வருடம் நீடிக்கிறது. படத்தை ஏஜென்சியிலிருந்து நீக்கிவிட்டால் படிவத்தைத் தூக்கிப் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. ராயல்டி-ஃப்ரீ லைசென்ஸில், அதாவது ஒரு தடவை பணம் கட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் உரிமத்தில், ஏற்கெனவே வாங்கியவர் அதைத் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டே இருக்கலாம். பத்து வருடம் கழித்து ஒரு விளம்பரப் பலகையில் அந்த முகம் தெரியலாம். அன்றைக்கும் இந்தப் பேப்பர் வேண்டும். ஆகவே, நமக்குப் பிறகும் நிலைக்க வேண்டிய ஆவணம் என்று நினைத்தே தொடங்குங்கள்.

முதல் படி: தாளும் மையும்

பத்திரப்படுத்தும் வேலை கையெழுத்து வாங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. படிவத்தை லேசர் பிரிண்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ எடுங்கள். அந்த எழுத்து தண்ணீர் பட்டால் ஓடாது. சாதாரண இங்க்ஜெட் மை ஓடும். தாள் கொஞ்சம் தடிமனாக, 80 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருக்கட்டும். கையெழுத்துக்கு நீல பால்பாயிண்ட் பேனா போதும். ஜெல் பேனாவும் மைப் பேனாவும் ஈரத்தில் கலங்கிவிடும். நீலம் ஏன் என்றால், அசல் எது, ஜெராக்ஸ் எது என்று பார்த்த உடனே தெரியும்.

ஒருவருக்கு ஒரு தாள். கரைவலை இழுக்கும் பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரே தாளில் கையெழுத்து வாங்கினால் எந்த ஏஜென்சியும் ஏற்காது. தேடும்போது நமக்கும் சிக்கல். ஒரு ஏஜென்சியின் பெயரை மட்டும் சொல்லும் படிவம் நாளைக்கு வேறிடத்தில் உதவாமல் போகலாம். 'புகைப்படக்காரரும் அவரிடம் உரிமம் பெறுபவர்களும்' என்று பொதுவாக எழுதிய படிவமே நல்லது. ஆங்கிலப் படிவத்தோடு அதன் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் பேனாவை நீட்டுவேன். வாசித்துக் காட்டியது யார் என்பதும் அதில் எழுதியிருக்கும்.

பெயர் எழுதும் இடம் நம் ஊருக்கென்றே உள்ள சிக்கல். படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். நம்மிடம் இருப்பது இனிஷியல். அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதி, இனிஷியலை விரித்துத் தகப்பனார் அல்லது கணவர் பெயரையும் சேருங்கள். ஒரே மீனவக் குப்பத்தில் நாலு மாரியம்மாள், ஐந்து அந்தோணி இருப்பார்கள். இரண்டு வருடம் கழித்து அந்த நாலு பேரில் இவர் யார் என்று நீங்கள் தடுமாறக் கூடாது.

சாட்சி கையெழுத்தை விட்டுவிடாதீர்கள். பல ஏஜென்சிகள் அதைக் கேட்கின்றன. சாட்சி 18 வயது நிரம்பியவராக, படம் எடுத்தவரும் படத்தில் இருப்பவரும் அல்லாத மூன்றாம் ஆளாக இருக்க வேண்டும். கைநாட்டு என்றால் சாட்சி இன்னும் முக்கியம். எந்தக் கையின் பெருவிரல் என்பதை ரேகைக்குப் பக்கத்தில் எழுதி, இன்னாரின் ரேகை என்று சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். மீன் எண்ணெயும் செதிலும் ஒட்டிய விரலில் மை பிடிக்காது. ஒரு பழைய வேட்டித் துணியும் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரும் எப்போதும் என் பையில் இருக்கும். விரலை அழுத்தக் கூடாது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெதுவாக உருட்ட வேண்டும். ரேகை காயும் முன் தாளை மடிக்காதீர்கள்.

கொடுத்த பணத்தையும் படிவத்திலேயே எழுதுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, ஒரு சில விதிவிலக்குகள் தவிர, பிரதிபலன், அதாவது பதிலுக்குத் தரும் பணமோ பயனோ, இல்லாத ஒப்பந்தம் செல்லாது. தொகை சிறியதாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். இதை நான் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு நாள் பாசி எடுக்கப் போகாமல் நமக்காக நின்றவருக்குக் கூலி கொடுப்பதுதான் நியாயம்.

இரண்டாம் படி: முகத்தையும் தாளையும் அங்கேயே முடிச்சுப் போடுங்கள்

படிவங்கள் தொலைவதைவிட, எது யாருடையது என்று தெரியாமல் போவதுதான் அதிகம் நடக்கிறது. இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கையெழுத்து முடிந்ததும், அந்த நபர் தன் படிவத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி நிற்க, கடைசியாக ஒரு படம் எடுத்துவிடுங்கள். படிவத்தின் வலது மேல் மூலையில் எண்ணைப் பெரிதாக எழுதியிருக்க வேண்டும், படத்திலும் அது தெளிவாகத் தெரிய வேண்டும். இந்தப் படம் விற்பனைக்கு அல்ல. பல ஏஜென்சிப் படிவங்களில் மாடலின் சிறிய படம் ஒன்றை ஒட்ட இடம் விட்டிருப்பார்கள், அதற்கும் இதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணை எப்படி வைப்பது? தேதி, அன்றைய எத்தனையாவது ஷூட், அதில் எத்தனையாவது ஆள். உதாரணமாக 20250209-02-03 என்றால் 2025 பிப்ரவரி 9, இரண்டாவது ஷூட், மூன்றாவது ஆள். வருடத்தை முன்னால் போட்டால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கித் தரும். ஆளின் பெயரைக் கோப்புப் பெயரில் வைக்காதீர்கள். ஹார்டு டிஸ்க் யார் கையிலாவது சிக்கினால் முதலில் கண்ணில் படுவது கோப்புப் பெயர்தான். எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது.

மூன்றாம் படி: அன்றிரவே ஸ்கேன், அன்றிரவே பதிவேடு

வீட்டுக்கு வந்ததும் சோர்வாகத்தான் இருக்கும். தனுஷ்கோடியில் பகல் முழுக்க நின்றிருந்தால் சட்டையே உப்புப் பூத்துக் கிடக்கும். இருந்தாலும் மெமரி கார்டைக் காப்பி போடுகிற நேரத்தில் படிவங்களையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். நான் படிவங்களை இழந்தது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளியதால்தான்.

ஸ்கேன் கலரில், 300 டிபிஐ. தாளின் நான்கு மூலைகளும் உள்ளே வர வேண்டும். பின்பக்கம் எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். செல்போன் ஸ்கேன் செயலியும் போதும், ஆனால் தாளைப் பளிச்சென்று கறுப்பு வெள்ளையாக மாற்றும் வசதியை அணைத்துவிடுங்கள். அது நீல ரேகையில் பாதியைத் தின்றுவிடும். எடுத்தபின் ரேகையின் மீது பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் தெரிந்தால்தான் ஸ்கேன். பிடிஎஃப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஜேபெக் கேட்கும் இடத்துக்கு அதிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் பதிவேடு. ஒரு சாதாரண எக்செல் தாள் போதும். என் பதிவேட்டில் படிவ எண், பெயர், ஊர், பிறந்த தேதி, தொடர்பு எண், சாட்சி யார், கொடுத்த தொகை, எந்தப் படம் முதல் எந்தப் படம் வரை, எந்தெந்த ஏஜென்சிக்குப் போயிருக்கிறது, அசல் எந்தப் பெட்டியில் என்ற கட்டங்கள் உண்டு. இன்னொரு கட்டத்தைப் பலர் வைப்பதில்லை: படிவம் எந்தப் பதிப்பு என்பது. ஏஜென்சிகள் படிவ வாசகத்தை அவ்வப்போது மாற்றுகின்றன. முக அடையாளத் தரவு, படங்களை வைத்துச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுப்பது போன்றவை பழைய படிவங்களில் இருக்காது. யார் எதற்குச் சம்மதித்தார், எதற்குச் சம்மதிக்கவில்லை என்பது அந்தக் கட்டத்தில்தான் தெரியும். பழைய படிவத்தில் கையெழுத்துப் போட்டவரின் படத்தைப் புதிய பயன்பாட்டுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் போய்க் கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: படத்துக்குள்ளேயே எண்

படக் கோப்புக்குள்ளேயே விவரம் எழுதி வைக்கும் ஐபிடிசி மெட்டாடேட்டாவில் மாடல் ரிலீஸ் நிலை, மாடல் ரிலீஸ் எண் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. லைட்ரூம், பிரிட்ஜ் போன்ற மென்பொருள்களில் மெட்டாடேட்டாவைத் திருத்தலாம். நம் படிவ எண்ணை அங்கே எழுதிவிட்டால், யாரும் மெட்டாடேட்டாவை நீக்காதவரை படத்தோடு எண்ணும் கூடவே போகும். மூன்று பேர் இருக்கும் படத்துக்கு மூன்று எண்கள். பெயரையோ ஊரையோ அங்கே எழுத வேண்டாம்.

ஐந்தாம் படி: உப்புக்காற்றிலிருந்து அசலைக் காப்பது

ஸ்கேன் இருக்கும்போது அசல் எதற்கு என்று கேட்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில், மின்னணுப் பதிவைச் சான்றாகக் காட்ட 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அசல் தாள் கையில் இருந்தால் அதையே நேராகக் காட்டலாம். கைநாட்டுக்கு அசலை விடச் சிறந்த சான்று வேறில்லை.

நம் கரையில் தாளுக்கு எதிரிகள் அதிகம். முதல் எதிரி ஸ்டேப்லர் பின். மற்ற ஊரில் வருடக்கணக்கில் தாங்கும் பின் இங்கே ஒரு மழைக்காலத்திலேயே துருவேறி, தாளில் பழுப்பு வட்டம் போட்டு, அந்த இடத்தையே பொத்தலாக்கிவிடும். குண்டூசியும் இரும்புக் கிளிப்பும் அப்படித்தான். என் ஃபைலில் இன்று இரும்பே கிடையாது. படிவமும் தமிழ் விளக்கப் பக்கமும் ஒரே தாளின் இரண்டு பக்கமாக இருந்தால் கோக்கவே வேண்டியதில்லை.

அடுத்தது பிளாஸ்டிக் உறை. கடையில் பளபளவென்று மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறையில் லேசர் எழுத்து நாளடைவில் ஒட்டிக்கொண்டு வரும். பாலிபுரோப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது, சூடும் பசையும் ரேகையைக் கெடுக்கலாம்.

உறையிட்ட தாள்களை ரப்பர் வளையம் வைத்த, காற்று புகாத பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கிறேன். மளிகைச் சாமான் வைக்கும் பெரிய டப்பாதான். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். ஈரம் இழுத்தால் நிறம் மாறும் வகை கிடைக்கிறது; மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். பெட்டியை மூடுவதற்கு நல்ல வெயில் நாளாகப் பாருங்கள். ஐப்பசி மழையில் மூடினால் ஈரத்தையும் சேர்த்தே பூட்டி வைக்கிறோம். உப்பைப் பொட்டலம் கட்டிப் போட்டால் ஈரம் இழுக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது இழுத்த ஈரம் கசிந்து தாளில்தான் இறங்கும்.

தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு நம் பெரியவர்கள் ஓலைச்சுவடிக்கட்டில் வசம்பு வைப்பார்கள். நானும் ஒரு துண்டு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கிறேன். அது தாளில் நேராகப் படக் கூடாது. வேப்பிலை வைப்பதானால் நன்றாகக் காய்ந்த இலை மட்டும். கரையான் இருக்கும் வீட்டில் பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள்.

பெட்டி இடுப்பளவு உயரத்துக்கு மேலே இருக்கட்டும், ஆனால் ஓட்டுக்கு அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நேர் கீழே வேண்டாம். பாம்பன், மண்டபம், தேவிபட்டினம் போலக் கரையை ஒட்டி வீடு இருப்பவர்கள் புயல் எச்சரிக்கை வந்ததும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும் அளவுக்கே பெட்டி இருக்க வேண்டும். என் பெட்டியை என் மனைவி ஒரு கையால் தூக்குவார். அதுதான் நான் வைத்துக்கொண்ட அளவுகோல்.

ஆறாம் படி: மூன்று பிரதி, அதில் ஒன்று உள்ளூருக்கு வெளியே

ஸ்கேன்களும் பதிவேடும் மூன்று இடத்தில் இருக்க வேண்டும்: கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, கடலோரத்தைத் தாண்டி ஒன்று. மூன்றாவது, கிளவுடாகவோ மதுரையில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் ஒரு டிஸ்காகவோ இருக்கலாம். ராமேஸ்வரத்தில் ஒன்று, ராமநாதபுரத்தில் ஒன்று என்று வைத்தால் ஒரே புயல் இரண்டையும் பார்த்துவிடும். பென்டிரைவை நம்பி எதையும் விடாதீர்கள், இந்தக் காற்றில் அதன் இணைப்பு முனை சீக்கிரம் அரித்துவிடுகிறது.

இவற்றில் மக்களின் பெயர், பிறந்த தேதி, தொடர்பு எண் எல்லாம் இருக்கின்றன. பூட்டாமல் வைப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம். விண்டோஸில் டிஸ்கைக் கடவுச்சொல்லால் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் அதே வேலை செய்யும் வேராகிரிப்ட் இலவசம். கிளவுடில் ஏற்றும் முன்பே பூட்டிவிடுங்கள். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வேறொரு இடத்தில் வையுங்கள். படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பவே கூடாது.

ஆதார் நகல் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் ஆதார் ஜெராக்ஸ் கேட்பது பழக்கமாகிவிட்டது. கேட்டால் அவர்களும் தயங்காமல் கொடுத்துவிடுவார்கள். நான் வாங்குவதில்லை. வயதைச் சரிபார்க்க அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'அட்டை பார்த்தேன்' என்று பதிவேட்டில் எழுதுகிறேன். நகல் கட்டாயம் என்றால், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்குங்கள். நம்மிடம் இல்லாத விவரம் நம்மிடமிருந்து திருடு போகாது.

குழந்தைகளின் படிவம்

18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. அப்பா, அம்மா அல்லது சட்டப்படியான பாதுகாவலர்தான் கையெழுத்துப் போட வேண்டும். கடலுக்குப் போன தகப்பனுக்குப் பதில் சித்தப்பா போடுகிறேன் என்பார். அன்பாகச் சொல்லிவிட்டு, அம்மா வரும்வரை காத்திருங்கள். இந்தப் படிவங்களைத் தனி உறையில், தனி நிற ஒட்டுடன் வைத்து, அந்தப் பிள்ளைக்கு 18 நிறையும் தேதியையும் பதிவேட்டில் எழுதுங்கள். அந்த வயதில் அவர்களிடம் ஒரு தடவை போய்ப் படங்களைக் காட்டிக் கேட்பது என் வழக்கம். வேண்டாம் என்று சொன்னால் நீக்கிவிடுவேன்.

படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரதி, எடுக்கச் சொன்னால் எடுப்பது

கையெழுத்துப் போட்டவரிடம் ஒரு நகல் இருக்க வேண்டும். படிவத்தின் நகலோடு, அவர் படம் ஒன்றையும் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். அப்போது அந்தத் தாளைப் பத்திரமாக வைப்பார்கள். பல வீடுகளில் அது சாமி படத்துக்குப் பின்னால் அல்லது ரேஷன் கார்டு வைக்கும் மஞ்சப்பையில் இருக்கிறது. என்னுடையது நனைந்தபோது, இரண்டு வீடுகளில் அவர்கள் வைத்திருந்த நகல்தான் பதிவேட்டைச் சரிசெய்ய உதவியது.

யாராவது படத்தை எடுக்கச் சொன்னால், எண்ணை வைத்துப் பதிவேட்டில் தேடி, எந்த ஏஜென்சியில் இருக்கிறது என்று பார்த்து, அன்றே நீக்கக் கோருங்கள். ஏற்கெனவே விற்றதைத் திரும்ப வாங்க முடியாது என்பதைக் கையெழுத்து வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நீக்கிய தேதியைப் பதிவேட்டில் எழுதுங்கள். படிவம் மட்டும் பெட்டியிலேயே இருக்கட்டும்.

வருடம் ஒரு தடவை: மீன்பிடித் தடைக்காலத்தில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகை மேலே ஏற்றி மராமத்துப் பார்ப்பார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். எனக்கும் அதுதான் படிவங்களை மராமத்துப் பார்க்கும் காலம். காற்றில் ஈரம் குறைந்த ஒரு பகலில் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு உறையாகப் பார்த்து, சிலிக்கா ஜெல்லை மாற்றுவேன். பதிவேட்டில் கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்களைத் தொட்டு, அந்தப் பத்துக்கும் அசல், ஸ்கேன், படம் மூன்றையும் எடுத்துப் பார்ப்பேன். ஒரு படிவத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் எங்கோ முடிச்சு அவிழ்ந்திருக்கிறது என்று பொருள். மதுரையில் உள்ள டிஸ்க் திறக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுவேன்.

சாட்சி விட்டுப்போனது, தேதி விட்டுப்போனது எல்லாம் இந்தச் சமயத்தில்தான் கண்ணில் படும். விசைப்படகில் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள், உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். பழைய படிவத்தில் பேனாவால் திருத்தாமல், புதுப் படிவம் போட்டு, பழைய எண்ணை அதில் குறித்து, இரண்டையும் ஒன்றாக வையுங்கள்.

சின்னப்பாலத்து அம்மாவிடமும் அப்படி ஒரு மே மாதத்தில்தான் போனேன். ரேகை அழிந்துபோன தாளைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடல் தண்ணியா, மழைத் தண்ணியா?" என்றார். மழை என்றேன். சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். அந்தப் படிவத்தின் எண் இப்போது பெட்டியின் முதல் உறையில் இருக்கிறது.